வேறொருவர் பெயரில் கொடுத்த இரத்தம்

அன்புள்ள மகனுக்கு,

நீயும் அம்மாவும் நுகேகொடைக்குக் குளிர்ச்சட்டை வாங்கப் போயிருக்கிறீர்கள். வீட்டில் நானும், பாதி அடுக்கிய உன் பயணப் பெட்டியும் மட்டும். நேரே சொல்லவேண்டியதை அப்பா ஏன் எழுதுகிறார் என்று நினைப்பாய். நேரே சொல்லத் தொடங்கினால் என் வாய் எப்படியாவது ஒரு பகிடியைக் கண்டுபிடித்து அதற்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். பேனாவுக்கு அந்தச் சாமர்த்தியம் குறைவு. சாதாரண தரப் பரீட்சையில் தமிழுக்குத் திறமைச் சித்தி எடுத்தவன் நான். கணிதத்துக்கு என்ன எடுத்தேன் என்பதை உன் நண்பர்களுக்குச் சொல்லிவிடாதே. புள்ளிவிபரவியலில் பட்டம் எடுத்து, மேலே படிக்க வெளிநாடு போகிற பிள்ளைக்கு அப்படிப்பட்ட ஒருவன் எழுதுவது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனாலும் எழுதவேண்டியிருக்கிறது. உன் ஆய்வுகூடத்து ரிஸ்வானாவின் வேலை போக இருந்தது அவளாலும் இல்லை, உன்னாலும் இல்லை, என்னால். அதைப்பற்றி நாளைக் காலை உன் பேராசிரியர் உன்னிடம் ஒரு கேள்வி கேட்பார். அதற்கு முன் நீ இதை வாசிக்கவேண்டும்.

என் தொழில் உனக்குத் தெரியாதது இல்லை. ஆனால் அதிலிருந்து தொடங்கினால்தான் என் மண்டை எப்படி வேலை செய்கிறது என்று எனக்கே விளங்கும். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையில் இருக்கிற கல்யாண மண்டபத்துக்கு நான் முகாமையாளர். பலகையில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. செய்கிற வேலை கதிரை போடுவதும் கதிரை எடுப்பதும். இந்தத் தொழிலில் ஒரு வெற்றுக் கதிரையைப் போல வெட்கக்கேடு வேறொன்றும் இல்லை. மாப்பிள்ளை வீட்டார் கல்கிசையிலிருந்து வரும் வழியில் நெரிசலில் மாட்டிக்கொள்வார்கள். வீடியோக்காரன் கமராவை முன்வரிசைக்குத் திருப்புவான். அங்கே ஒருவரும் இருக்கமாட்டார்கள். அந்த நேரத்தில் சாப்பாட்டு வரிசையில் நிற்பவர்களில் நல்ல சேலையாகப் பார்த்து நாலைந்து பேரைக் கூட்டிவந்து முன்னால் இருத்துகிறவன் நான். எங்கள் ஆட்களிடம் இன்னொரு வழக்கமும் இருக்கிறது, நீயும் அறிவாய். அழைப்பு ஆளுக்கு இல்லை, வீட்டுக்கு. தகப்பனுக்கு ஏலாவிட்டால் மகன் வருவான், அக்காவுக்கு ஏலாவிட்டால் தங்கச்சி வருவாள். வந்தவரைப் பார்த்து நீர் ஏன் வந்தனீர் என்று ஒருவரும் கேட்பதில்லை. அந்த வீடு வந்துவிட்டது, அவ்வளவுதான்.

உன் பத்தாவது பிறந்தநாள் ஞாபகம் இருக்கிறதா? பின்னேரம் கொட்டோ கொட்டென்று மழை. காலி வீதியில் வெள்ளம். உன் வகுப்புப் பிள்ளைகள் ஒருவரும் வரவில்லை. கேக் மேசையில் இருக்கிறது, நீ புதுச் சட்டையோடு யன்னலில் நிற்கிறாய். நான் என்ன செய்தேன்? கீழ்மாடியில் டியூஷனுக்கு வந்து மழையில் மாட்டிக்கொண்ட பிள்ளைகளை மொத்தமாக மேலே கூட்டிவந்து, தலைக்குத் தொப்பியும் போட்டு, உன்னைச் சுற்றி நிறுத்திப் பாட்டுப் பாட வைத்தேன். அவர்களுக்கு உன் பெயர்கூடத் தெரியாது. பாட்டில் பெயர் வருகிற இடத்தில் ஆளுக்கொன்று முணுமுணுத்தார்கள். அந்தப் படத்தில் வீடு நிறையப் பிள்ளைகள். நீ மட்டும் அழுத முகத்தோடு நிற்கிறாய். "இவங்கள் என்ர பிரெண்ட்ஸ் இல்லை அப்பா" என்று நீ சொன்னபோது, "இனிமேல் பிரெண்ட்ஸ்தான்" என்று சொல்லிச் சிரித்தேன். அதை நான் பல வருடமாக என் கெட்டித்தனமாகவே கதைத்துக்கொண்டு திரிந்தேன்.

அப்படிப்பட்டவனிடம் வந்து, "அப்பா, எங்கட ஆராய்ச்சிக்கு வெள்ளவத்தையிலயும் கொட்டாஞ்சேனையிலயும் ஆக்கள் தேவை, உங்களுக்குத் தெரிஞ்சவை வருவினமா?" என்று நீ கேட்டாய். எனக்கு எவ்வளவு புளுகம், எவ்வளவு சந்தோஷம் என்று உனக்குத் தெரியாது. மெலிந்த ஆட்களுக்கும் எங்களிடையே ஏன் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, வருகிறது என்று பார்க்கும் ஆய்வு. இரண்டு தரம் வரவேண்டும்: முதல் தரம் மரபணுவுக்கு எச்சில், சில மாதம் கழித்து வெறுவயிற்றில் இரத்தம். வேலை நாளில் சும்மா கிடக்கிற மண்டபத்தை முதலாளியிடம் கேட்டு வாங்கினேன். தொடர்மாடி தொடர்மாடியாக ஏறி இறங்கினேன். முதல் நாள் எல்லாரும் வந்தார்கள். வெறும் வாயோடு இருக்கச் சொல்லிவிட்டுத் துப்பச் சொன்னால் யாருக்கு வரும்? எங்கள் மேல்மாடி சிவகாமி அக்கா சின்னக் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு, "தம்பி, இவ்வளவு ஆம்பிளையளுக்கு முன்னால நான் துப்பமாட்டன், அந்தத் திரையை இழுத்துவிடும்" என்றார். மணவறைக்குப் பின்னால் ஐயர் உடுப்பு மாற்றுகிற இடத்தில் அவர் போய்த் துப்பிவிட்டு வந்தார். ரிஸ்வானா அன்றைக்குத்தான் எனக்கு அறிமுகம். உங்கள் ஆய்வுகூடத்துப் பிள்ளை, கொட்டாஞ்சேனையில் வீடு, நரம்பு தேடாமலே ஊசி குத்துவாள் என்று நீ சொன்னாய். கருப்பு அபாயாவும் வெள்ளை மேற்சட்டையுமாக அவள் ஒவ்வொருவரின் அடையாள அட்டையையும் வாங்கிப் பார்த்து எண்ணைச் சரிபார்த்த பிறகுதான் குழாயில் பெயர் ஒட்டினாள்.

பிழை நடந்தது இரண்டாம் நாளில். அன்றைக்கு ஐந்து பேர் வரவில்லை. ஒருவர் நல்லூர்த் திருவிழாவுக்குப் போய்விட்டார். ஒருவர் மகளின் பிள்ளைப்பேற்றுக்குக் கனடாவில். சிவகாமி அக்காவுக்குக் காய்ச்சல். ஒருவர் ஊசிக்குப் பயந்து கைத்தொலைபேசியை நிறுத்திவிட்டார். கொட்டாஞ்சேனையில் இருந்து வரவேண்டிய ஒருவர் காரணம் சொல்லாமலே வரவில்லை. நீ அன்றைக்கு ஆய்வுகூடத்தில் நின்றாய், மண்டபத்துக்கு வரவில்லை. ஐந்து இடம் வெறுமையாக இருப்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. என் பிள்ளையின் ஆய்வு, என் மண்டபம், நான் கூட்டிவந்த ஆட்கள். பின்னேரம் உன் பேராசிரியர் உன்னிடம், உம்முடைய அப்பாவின் ஆட்களில் ஐந்து பேரைக் காணவில்லையே என்று கேட்பார் என்று நினைத்தேன். சிவகாமி அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"அக்கா, உங்களுக்கு ஏலாட்டில் தங்கச்சியை அனுப்புங்கோவன்."

"அவளை அனுப்பிப் பிரயோசனம் இருக்கோ தம்பி? துப்பினது நானெல்லே."

"ஒரு தாய் பெத்த பிள்ளையள்தானே அக்கா. ஒரே இரத்தம்."

"அதுவும் சரிதான். அவள் வெறுவயித்தோடதான் நிக்கிறாள், விரதம்."

இப்படியே மற்ற மூன்று வீட்டுக்கும் எடுத்தேன். தம்பிக்குப் பதிலாக அண்ணன், அக்காவுக்குப் பதிலாகத் தங்கச்சி. எல்லாரும் ஒரே வீடு, ஒரே சட்டிச் சோறு, ஒரே பரம்பரை. இதில் என்ன வித்தியாசம் வந்துவிடப்போகிறது என்று உண்மையிலேயே நினைத்தேன், மகன். ஏமாற்றுகிறேன் என்ற எண்ணம் அப்போது எனக்கு இல்லை. அப்படி இருந்திருந்தால் இவ்வளவு துணிவாகச் செய்திருக்கமாட்டேன். அடையாள அட்டைதான் தடையாக இருந்தது. ரிஸ்வானா கையை நீட்டிக் கேட்டாள். நான் இடையில் புகுந்து, "எல்லாம் எனக்குத் தெரிஞ்ச ஆக்கள்தானே பிள்ளை, நீர் ஒவ்வொண்டாப் பார்த்துக்கொண்டு நிண்டால் இவையள் பசியில விழுந்துபோவினம்" என்றேன். அவள் சிரித்தாள். "அங்கிள் சொன்னாச் சரி" என்றாள். நான் பெயரைக் கூப்பிட்டேன், அவர்கள் வந்து இருந்தார்கள், அவள் ஊசி குத்தினாள்.

கொட்டாஞ்சேனைக்காரருக்கு மட்டும் சகோதரம் இல்லை. மத்தியானம் ரிஸ்வானா லுஹர் தொழுதுவிட்டு வர உள்ளறைக்குப் போனாள். அன்றைக்கு ஒரு நாள் உதவிக்கு வந்த தாதி ஒருவர் மேசையில் இருந்தார். அவருக்கு என்னைத் தெரியாது, அடையாள அட்டையும் கேட்கவில்லை. நான் போய் இருந்து அந்த மனிதரின் பெயரைச் சொல்லிக் கையை நீட்டினேன். ஆய்வு செய்கிறவரின் வீட்டார் அதில் சேரக்கூடாது என்று நீ எத்தனை தரம் சொல்லியிருந்தாய். வெறுவயிறு என்ற பேச்சுக்கே இடமில்லை. காலையிலிருந்து வந்தவர்களுக்கு இடியப்பமும் சொதியும் பரிமாறிப் பரிமாறி நானும் மூன்று தரம் சாப்பிட்டிருந்தேன். அந்தக் குழாயில் பாதி சொதியாகத்தான் இருந்திருக்கும். அதுவும் ரிஸ்வானாவின் பெட்டிக்குள், அவள் கையெழுத்தின் கீழ் போய்ச் சேர்ந்தது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். அம்மா காய்கறி நறுக்கிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்து, "நீங்கள் எங்கட பிள்ளையின்ர ஆராய்ச்சியையும் ஒரு கல்யாணவீடாக்கிப் போட்டியள்" என்றார். பாராட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் நீ மடிக்கணினியோடு இருந்தாய். என்னதான் செய்கிறாய் என்று கேட்டேன். வழக்கமாக அரை வசனத்தில் முடிக்கிறவன் அன்றைக்குப் பொறுமையாகச் சொன்னாய். ஒரே ஆளைப் பற்றி உங்களிடம் மூன்று விதமான தகவல் இருக்கிறது. எச்சிலில் இருந்து மரபணுவில் என்ன எழுதியிருக்கிறது என்பது. இரத்தத்தில் இருந்து, அந்த மரபணுக்களில் எது இப்போது எவ்வளவு வேலை செய்கிறது என்பது. அதே இரத்தத்தில் ஓடுகிற கொழுப்பு, சீனி போன்ற நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன இரசாயனங்கள். ஒவ்வொன்றும் பெரிய அட்டவணை. நிரையில் ஆட்கள், நிரலில் அளவுகள். ஆட்கள் கொஞ்சம், அளவுகள் ஆயிரக்கணக்கு. இவற்றை அப்படியே பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவைத்தால் பிரயோசனம் இல்லை என்றாய். ஒன்றின் அளவுகோல் மற்றதுக்குப் பொருந்தாது. நிரல் கூடிய அட்டவணை தன் கூட்டத்தாலேயே மற்ற இரண்டின் குரலையும் அமுக்கிவிடும்.

எனக்கு விளங்கிவிட்டது என்று காட்ட ஆசைப்பட்டு ஒரு உதாரணம் சொன்னேன். "ஒரு கல்யாணத்தை வாசல் காவலாளி ஒருவிதமாப் பார்ப்பான், சமையல்காரன் ஒருவிதமாப் பார்ப்பான், வீடியோக்காரன் ஒருவிதமாப் பார்ப்பான். மூண்டு பேரும் ஒரே விருந்தாளியைப் பற்றித் தனித்தனியாச் சொல்லுறதைச் சேர்த்துப் பார்த்தால்தான் அந்தாள் ஏன் வந்தவர் எண்டு தெரியும். வீடியோக்காரன் கூடக் கதைக்கிறான் எண்டு அவன்ர கதையை மட்டும் கேக்கக்கூடாது. சரியோ?"

நீ சிரித்தாய். "கிட்டத்தட்டச் சரி அப்பா. மூண்டு பேரின்ர கதையிலயும் பொதுவா ஓடுற இழை ஒண்டு இருக்கும். கண்ணுக்குத் தெரியாது. அதைக் கணக்குப் போட்டு வெளியில எடுக்கிறதுதான் எங்கட வேலை. எது மூண்டுக்கும் பொது, எது ஒண்டுக்கு மட்டும் உரியது எண்டு பிரிக்கவேணும். அதில வருத்தத்தின்ர காரணம் கொஞ்சம் பிடிபடலாம்."

"அப்ப ஒருத்தர் இரத்தம் குடுக்க வராட்டில்?" என்று கேட்டேன். கெட்டித்தனமான கேள்வி கேட்கிறேன் என்ற நினைப்பு.

"அது பரவாயில்லை அப்பா. அந்த இடத்தை வெறுமையா விட்டிட்டு, அவரின்ர எச்சிலை மட்டும் வைச்சும் எங்கட முறை வேலை செய்யும். ஆக்கள் வராமல் விடுவினம் எண்டு தெரிஞ்சுதானே அந்த முறையை எடுத்தனாங்கள். இல்லாததை அது தாங்கும். வேற ஆளின்ர இரத்தத்தை அவரின்ர பெயரில வைச்சால்தான் தாங்காது. அது ஒண்டோட ஒண்டு சம்பந்தமில்லாததை முடிச்சுப் போட்டுப் பார்க்கும், இழையே பிழைச்சுப்போகும்."

நீ திரையைப் பார்த்தபடியே கேட்டாய். "அப்பா, ரெண்டாம் தரம் வந்ததெல்லாம் முதல் தரம் வந்த அதே ஆக்கள்தானே?"

"பின்ன, வேற ஆர் வரப்போயினம்?" என்றேன்.

"சரி" என்றாய். அந்தச் சரிக்குப் பிறகு நீ மடிக்கணினியை மூடிவிட்டுச் சோற்றைப் பிசையத் தொடங்கினாய். ரசம் கேட்டாய். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கதிரைகளை நிரப்பியதை அறியாமை என்று நான் சொல்லிக்கொள்ளலாம். இந்தப் பதிலை அப்படிச் சொல்ல வழியில்லை. இது விளங்கிக்கொண்ட பிறகு சொன்னது.

இரண்டு கிழமை கழித்து ரிஸ்வானா மண்டபத்துக்கு வந்தாள். நான் கதிரைகளுக்கு வெள்ளைத் துணி மாட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் நிற்கிற விதமே வேறாக இருந்தது.

"அங்கிள், நீங்க ஒரு நாள் சொன்னீங்களே, எப்ப வேல வேணுமெண்டாலும் வரச்சொல்லி. பகிடிக்கா சொன்னீங்க?"

"ஏன் பிள்ளை, உமக்கு வேலை இருக்குத்தானே?"

"இந்த மாசத்தோட முடியிது. புதுப்பிக்க மாட்டாங்களாம். அஞ்சு பேர்ட டியூப மாத்திட்டேனாம். அன்டக்கி எல்லாத்தையும் நாந்தான் ஒட்டினேன். மாத்தல எண்டு முதல்ல சொன்னேன். இப்ப யோசிச்சிப் பார்த்தா எனக்கே சந்தேகமா ஈக்கி. தொழுதிட்டு வந்த அவசரத்துல மாத்தியிருப்பனோ தெரியா. ராவையில கண்ண மூடினா டியூப்தான் வருது."

அந்த இடத்தில் ஒரு மனிதன் சொல்லவேண்டியது ஒரு வசனம்தான். நீர் மாத்தேல்லைப் பிள்ளை, நான் மாத்தினனான். நான் சொல்லவில்லை. பிளேன்டீ போட்டுக் கொடுக்கச் சொன்னேன். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. "முன்பதிவு மேசையில ஒரு இடம் இருக்கு, வாறீரோ?" என்று கேட்டேன். அவள் கண் கலங்கி, "அல்லாஹ் உங்களுக்கு நல்லது செய்யணும் அங்கிள்" என்று சொல்லிவிட்டுப் போனாள். பறித்த வேலைக்குப் பதிலாக வேறொரு வேலையைக் கொண்டுபோய் வைத்து, அதற்கு வாழ்த்தும் வாங்கிக்கொண்டேன். இவ்வளவு காலத்தில் என்னைப் பார்த்து எனக்கு அருவருப்பு வந்தது அன்றைக்குத்தான்.

அன்று பின்னேரம் உன்னிடம் வந்து, ரிஸ்வானாவுக்கு என்ன நடந்தது என்று ஒன்றும் தெரியாதவன் போலக் கேட்டேன். நீ பல்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாய். கையில் இருந்த சட்டையை உதறிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாய்.

"டியூப் மாறேல்லை அப்பா. மாறியிருந்தால் இவரின்ர இரத்தம் அவரின்ர பெயரிலயும், அவரின்ர இரத்தம் இவரின்ர பெயரிலயும் இருக்கவேணும். இந்த அஞ்சு இரத்தமும் ஆராய்ச்சியில இருக்கிற ஒருத்தரின்ர எச்சிலோடயும் முழுசாப் பொருந்தேல்லை. வெளி ஆக்கள். அதில நாலு, அந்தந்தப் பெயர்காரரோட பாதி பொருந்துது. சகோதரங்கள்."

"அஞ்சாவது?"

"மெஷின் ஒழுங்கா வேலை செய்யுதோ எண்டு பார்க்க முதல் முதல் போட்டது என்ர எச்சிலை. அஞ்சாவது இரத்தம் என்னோட பாதி பொருந்துது."

காற்றில் துணி படபடத்தது. எனக்கு வாயில் வந்தது என்ன தெரியுமா? உனக்குத் தெரியும், நீ கேட்டாய். "அப்ப நீ என்ர பிள்ளைதான் எண்டு உறுதியாப்போச்சு" என்றேன். நீ சிரிக்கவில்லை. உன் வாழ்க்கையில் என் பகிடிக்கு, கூடாத பகிடிக்கும்கூட, உதட்டின் ஓரத்திலாவது சிரிக்காமல் நீ இருந்தது அன்றைக்குத்தான்.

"நீ அவையளுக்குச் சொல்லேல்லையோ?" என்று கேட்டேன்.

"பொருந்தாத அஞ்சையும் நீக்கிப்போட்டன் எண்டு சொன்னன். அது உண்மைதான். டியூப் மாறியிருக்கும் எண்டு பேராசிரியர் மேடம் தானா நினைச்சவ. நான் ஒண்டும் சொல்லேல்லை." கடைசித் துணியையும் போட்டுவிட்டு, "என்னத்தைச் சொல்லுறது அப்பா? ஆரைச் சொல்லுறது?" என்றாய். வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாய்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது, அந்த ஞாயிற்றுக்கிழமை நீ கேள்வி கேட்டபோதே உனக்கு எல்லாம் தெரியும். நானாகச் சொல்வதற்கு ஒரு கதவு திறந்துவிட்டாய். அதை நான் சாத்தினேன். நீ அதற்கு மேல் என்னைத் துருவவில்லை. துருவியிருந்தால் உன் அப்பன் உன் முன்னால் இரண்டாவது பொய்யும் சொல்லியிருப்பான், அதைப் பார்க்க உனக்கு விருப்பமில்லை. ஒரு தசமம் பிழைத்தால் சாப்பிடாமல் இருக்கிற பிள்ளை, தெரிந்த ஒன்றைத் தெரியாதது போல வைத்துக்கொண்டு, கூட வேலை செய்த பெண் தன் கையையே சந்தேகப்படுவதைப் பார்த்துக்கொண்டு இருந்தாய். அது உன் சுபாவம் இல்லை. எனக்காகச் செய்தாய். மற்றவர்கள் பெற்ற பிள்ளைக்கு வீடு, காணி என்று ஏதாவது கொடுப்பார்கள். நான் உனக்குக் கொடுத்தது இதை.

அதனால் இன்று காலை, நீங்கள் இருவரும் வெளிக்கிட முன்பே, மண்டபத்துக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு உன் ஆய்வுகூடத்துக்குப் போனேன். அதற்கு முதல் நாலு வீட்டுக்கும் தொலைபேசி எடுத்து, நான் சொல்லப்போகிறேன் என்று சொன்னேன். சிவகாமி அக்கா மட்டும் கோபித்தார். "ஒரே இரத்தம் எண்டு சொன்னது நீர்தானே தம்பி, இப்ப என்ர தங்கச்சியைக் கள்ளியாக்குறீரோ?" என்றார். கள்ளன் நான் ஒருவன்தான், உங்கள் பேரைச் சொல்லமாட்டேன் என்றேன். "சொல்லுமன், எனக்கென்ன. காய்ச்சல் வந்தது பொய்யோ?" என்று சொல்லி வைத்துவிட்டார்.

உன் பேராசிரியரோடு என் கடைத்தெருச் சிங்களத்தில் கதைத்தேன். காய்கறி வாங்கப் போதுமான சிங்களம் குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போதாது என்பது அப்போதுதான் தெரிந்தது. பாதியில் ஆங்கிலத்துக்குப் போனேன், அதுவும் கைவிட்டது. அவர் பொறுமையாகக் கேட்டார். ரிஸ்வானாவை உள்ளே கூப்பிட்டு, நான் சொன்னதைத் திரும்பச் சொல்லச் சொன்னார். அவளுக்குத் தமிழில் சொன்னேன். தமிழில் சொல்வது அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

அவள் முதலில் அந்த மத்தியானத்தைப் பற்றிக் கேட்கவில்லை. "நான் மண்டபத்துக்கு வந்த அன்டக்கி உங்களுக்குத் தெரியுமா அங்கிள்?" என்று கேட்டாள்.

"ஓம் பிள்ளை."

"தெரிஞ்சுதானா வேல தாறேன் எண்டு சொன்னீங்க?"

"ஓம்."

"நான் துஆவும் செஞ்சிட்டுப் போனேனே" என்றாள். பிறகு பேராசிரியரைப் பார்த்து, அடையாள அட்டை பார்க்காதது என் பிழைதான், அதை ஏற்றுக்கொள்கிறேன், டியூப் மாற்றியதாக இனி ஏற்றுக்கொள்ளமாட்டேன் என்று தெளிவான சிங்களத்தில் சொன்னாள். அவர் தலையாட்டினார். அவளைப் பற்றி எழுதியதைத் திருத்துவதாகவும், வேலையைப் பற்றி மேலிடத்தோடு கதைப்பதாகவும் சொன்னார். நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் கதவைத் திறந்துகொண்டு போனாள். அவள் மன்னிக்கவேண்டும் என்று எதிர்பார்க்க எனக்கு என்ன உரிமை?

நானும் எழும்பினேன். அப்போதுதான் அவர் கேட்டார். "இது உங்கள் மகனுக்குத் தெரியுமா?"

மகன், உண்மையைச் சொல்கிறேன். தெரியாது என்ற சொல் என் நாக்கில் ஆயத்தமாக இருந்தது. எவ்வளவு இலகு. உனக்கு அவர் கொடுத்த பரிந்துரைக் கடிதம், உன் பயணம், எல்லாம் அந்த ஒரு சொல்லில் பத்திரமாக இருந்திருக்கும். நான் சொல்லவில்லை. தெரியும் என்றும் சொல்லவில்லை. உன்னைக் காட்டிக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை, அதோடு அது என் வாயால் சொல்லவேண்டியதும் இல்லை. "அதை அவரிட்டையே கேளுங்கோ மேடம்" என்றேன். அவர், நாளைக் காலை உன்னை வரச்சொல்வதாகச் சொன்னார்.

இப்போது நீ படியேறி வருவாய். அம்மா சட்டையின் தடிப்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வருவார். இந்தக் கடிதத்தை உன் பெட்டிக்கு மேல் உறை ஒட்டாமல் வைக்கிறேன். இதை வேறு யாருக்கும் காட்டலாமா என்பது உன் முடிவு. காட்டினால் எனக்குக் கோபம் வராது. நாளைக்கு நீ தெரியாது என்று சொன்னால் அவர் நம்புவார். நான் ஒருநாளும் மறுத்துச் சொல்லமாட்டேன். ரிஸ்வானாவின் வேலையும் தப்பும், உன் பயணமும் தப்பும், யாருக்கும் ஒரு நட்டமும் இல்லை. அன்றைக்கு அந்த ஐந்து பேரின் இடத்தில் ஆட்களை இருத்தியபோது நானும் இப்படித்தான் நினைத்தேன், யாருக்கும் ஒரு நட்டமும் இல்லை என்று.

அப்பா